ஓதற்பிரிவும் மூன்றாண்டுப் பட்டமும்

1

உயர்கல்வியில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பது இன்று புள்ளிவிவரம் தரும் சேதி. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களை வைத்துக் கணக்கிடும் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. இந்த 47க்குள் பெண்களின் விகிதம் ஆண்களுடையதைவிட ஒரு மயிரிழை கூடுதல். மேடைகளில் இதைச் சொன்னால் கைதட்டு விழும். விழட்டும், தப்பில்லை. ஆனால் இது கல்லூரி வாசலில் நின்று எண்ணிய கணக்கு. வாசலைத் தாண்டி உள்ளே போனபிறகு யார் எந்த அறையில் போய் உட்காருகிறார்கள் என்பதை இந்த எண் சொல்லாது. அதே கணக்கெடுப்புகளில் பொறியியல் பக்கத்தைப் புரட்டினால், நாடு முழுக்க அங்கே பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விட்ட இடத்தை எங்கே நிரப்புகிறார்கள் என்றால் கலைப் பாடங்களில், அறிவியல் பாடங்களில்.

கலைப் பாடங்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடவும் முடியாது. அதற்குள்ளும் ஒரு வர்ணாசிரமம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்கு உதவும் என்று வரலாறு, பொது நிர்வாகம் பக்கம் பையன்கள் போவார்கள். பொருளாதாரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நிற்கும். ஆங்கில இலக்கியம் பெண்களுக்கானது, ஆனால் ஆங்கிலவழியில் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு. மிச்சமிருப்பது தமிழ். நான் எம்.ஏ. தமிழ் படித்த வகுப்பில் முப்பத்தாறு பேர். ஆண்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் முதல் வருஷத்தோடு காணாமல் போனார்கள். இதை எங்கள் வகுப்பின் விசேஷமாக யாரும் பார்த்ததில்லை. தமிழ் வகுப்பு என்றாலே இப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று ஏன் எழுதப்படவில்லை என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

2

தமிழ் எப்போதும் 'பொண்ணுங்க சப்ஜெக்ட்' ஆக இருந்ததில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. அங்கே தமிழ் எம்.ஏ. படித்த நெடுஞ்செழியனும் அன்பழகனும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத் தமிழகம் அறியும். அன்பழகன் 1944 முதல் 1957 வரை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். அதன்பிறகு சட்டமன்றம், அமைச்சரவை. அதே பச்சையப்பனில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த மு.வரதராசன் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். தமிழ் வகுப்பு அன்றைக்கு ஒரு பயிற்சிக்களம். அடுக்குமொழி பழகிக்கொள்ள, மேடை ஏற, கூட்டத்தைக் கட்டிப்போட. 1965 ஜனவரி 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனபோது, 'தமிழ் மாணவன்' என்ற தன்னிலை இரத்தத்தாலும் உறுதிப்பட்டது. அந்தத் தன்னிலை ஆண்பாலில் மட்டுமே இயங்கியது என்பதை விளக்கத் தேவையில்லை. தமிழ் தாய், மாணவன் மகன். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் மகளுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

பெண்கள் படிக்கவே இல்லை என்பதல்ல. இராணி மேரிக் கல்லூரி 1914இலும் பெண்கள் கிறித்தவக் கல்லூரி 1915இலும் சென்னையில் வந்துவிட்டன. எத்திராஜ் 1948. வடசென்னைக்குப் பாரதி மகளிர் கல்லூரி 1964. ஆனாலும் தமிழ்க் கல்வி அதிகாரமாக உருமாறிய அந்த நாற்பது ஐம்பது வருஷ வரலாற்றில் அவர்களுடைய வகுப்பறைகள் பேசப்படுவதில்லை.

பிறகு என்ன ஆயிற்று? 1967இல் மேடை கோட்டைக்குள் போய்விட்டது. போனபிறகு மேடையேறத் தமிழ்ப் பட்டம் தேவைப்படவில்லை. சினிமா போதும், பணம் போதும் என்றாகிவிட்டது. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு கதவைத் திறந்தது. ஆண்பிள்ளைகளின் எதிர்காலம் என்பதற்கு இருந்த அர்த்தம் மாறியது. தமிழ் வகுப்பிலிருந்து ஆண்கள் எழுந்து போனார்கள். காலியான பெஞ்சுகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

3

இப்படிச் சொன்னால் ஒரு சூத்திரம் கைக்குக் கிடைக்கிறது: எந்தப் பாடத்திலிருந்து அதிகாரம் வெளியேறுகிறதோ அந்தப் பாடத்துக்குள் பெண்கள் அனுமதிக்கப்படுகிறார்கள். இதற்கு வெளியிலிருந்தும் சாட்சிகள் உண்டு. பிரான்சில் பூர்தியுவும் பாஸரோனும் 1964இல் வெளியிட்ட 'வாரிசுகள்' என்ற நூலில், மாணவிகள் இலக்கியத் துறைகளில் குவிவதை விருப்பத்தின் விளைவாகப் பார்க்காமல், தேர்வுக்கான வாய்ப்புகள் சுருங்கிப்போனதன் விளைவாகப் பார்த்தார்கள். கீழ்த்தட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு இந்தச் சுருக்கம் இரட்டிப்பு என்பது அவர்கள் வாதம்.

இங்கிலாந்துக் கதை இன்னும் சுவாரசியமானது. ஆங்கில இலக்கியம் அங்கே மதிப்புள்ள படிப்பாகத் தொடங்கவில்லை. டெர்ரி ஈகிள்டன் 1983இல் எழுதிய இலக்கியக் கோட்பாடு நூலில் காட்டுவது போல, கிரேக்கமும் இலத்தீனும் எட்டாத தொழிலாளிக்கும் பெண்களுக்கும் போதும் என்று ஒதுக்கப்பட்ட படிப்பு அது. ஆக்ஸ்போர்டில் அதற்கு 1894இல்தான் தனிப் பட்டப்படிப்பு வந்தது. பெண்களுக்குப் பட்டம் தர அதே ஆக்ஸ்போர்டு 1920 வரை காத்திருந்தது. ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் ரிச்சர்ட்ஸ், லீவிஸ் போன்ற ஆண்கள் கேம்பிரிட்ஜில் அதை நாகரிகத்தையே காப்பாற்றும் துறையாக மாற்றியபோது மதிப்பு விர்ரென்று ஏறியது. லீவிஸின் மனைவி க்யூ.டி.லீவிஸ் அந்தக் காரியத்தில் சரிபாதி உழைத்தவர். பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவி மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆக, பெண்கள் நுழைந்ததால் ஒரு பாடம் தாழ்வதுமில்லை. பெண்கள் நிறைந்திருப்பதால் அது பெண்கள் கைக்கு வந்துவிடுவதுமில்லை. உட்கார்ந்திருப்பது வேறு, பொருள் சொல்லும் உரிமை வேறு.

இந்த இடத்தில் நம் சூத்திரத்தையே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. 'அதிகாரம் போச்சு, பெண்கள் வந்தாங்க' என்ற வாக்கியம் பெண்களை எச்சிலை பொறுக்குபவர்களாக வைத்துப் பேசுகிறது. தமிழ்த்துறை ஆண்கள் தேநீர்க் கடையில் சொல்லும் 'டிபார்ட்மெண்டே லேடீஸ் டிபார்ட்மெண்டாயிடுச்சு, இனி என்னத்த' என்ற புலம்பலும் இதே வாக்கியத்தின் பேச்சுவடிவம்தான். வீழ்ச்சிக்குக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் அவர்கள் ஓர் உடலைக் காட்டுகிறார்கள். துறை ஏன் சுருங்கியது, நிரந்தர இடங்கள் ஏன் நிரப்பப்படவில்லை, கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் கௌரவம் இல்லாத சம்பளத்தில் ஏன் வகுப்புகள் ஓடுகின்றன என்ற கேள்விகளெல்லாம் அந்தப் புலம்பலில் கரைந்துவிடுகின்றன.

4

சூத்திரத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். நான் இருக்கும் திருமுல்லைவாயில் அதற்குத் தோதான ஊர். ஒரு பக்கம் 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. மறுபக்கம் ஆவடி டேங்க் பேக்டரி. நடுவில் சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் கோயில். இங்கே ஆண்பிள்ளைக்கு வழிகள் கண்முன்னால் கிடக்கின்றன: ஐ.டி.ஐ., டிப்ளமோ, லேத், சி.என்.சி., கடன் வாங்கியாவது பி.இ. பிளஸ்டூ முடித்த அண்ணன் தங்கை இருவர் உள்ள வீட்டில் பணம் ஒன்றுதான். கடன் அண்ணன் பேரில் வாங்கப்படுகிறது. தங்கைக்கு, கட்டணம் குறைந்த கல்லூரி எது, அதில் இடம் கிடைக்கும் பாடம் எது என்பதே கேள்வி. 'பொண்ணுதானே, தமிழ் எடுத்து பி.எட். முடிச்சா டீச்சர் ஆயிடலாம்' என்ற வாக்கியத்தை இந்தப் பகுதியில் நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

இதில் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? அப்பாவா, அம்மாவா, பெண்ணா? கறாராகச் சொன்னால், தூரம்தான் தேர்ந்தெடுக்கிறது. எந்த லோக்கல் ரயிலில் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்கு எத்தனை நிமிஷம். இருபாலர் கல்லூரியா, மகளிர் கல்லூரியா. ஆய்வுக்கூடம் உள்ள பாடம் என்றால் நேரமாகும். களப்பணி உள்ள பாடம் என்றால் வெளியூர். விஸ்காம் என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இத்தனையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது மொழியும் இலக்கியமும். இலக்கிய ஆர்வம் பெண்ணுக்கு இயல்பு என்று நம் பேராசிரியர்கள் சொல்லும்போது, இந்தக் கழித்தல் கணக்கின் விடையை அவர்கள் இயல்பு என்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்த வகுப்புகளில் இருப்பவர்கள் 'பெண்கள்' என்ற பொதுப்பெயரில் அடங்குபவர்களல்ல. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் தலித் பெண், மிகப் பிற்படுத்தப்பட்ட சாதிப் பெண். ஆங்கிலத்தைக் கண்டு பயந்து தமிழுக்கு வந்தவள் என்று அவளைப் பற்றி இளக்காரமாகப் பேசுவார்கள். பயந்தவளாகவே இருக்கட்டும். பன்னிரண்டு வருஷம் தமிழில் படிக்க வைத்துவிட்டு, தமிழ் தவிர எல்லாக் கதவுகளுக்கும் ஆங்கிலப் பூட்டு போட்டது யார் என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

5

அரசு இந்தப் பெண்ணை எப்படிப் பார்த்தது என்பதற்கு 1989 ஒரு நல்ல ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்து மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு நிதியுதவியும் தொடங்கியது. சொத்து, வேலை, கல்யாணம். இரண்டு கை பெண்ணை வெளியே இழுக்க, மூன்றாவது கை அவளை மணவறைக்கு அழைத்துப்போகிறது.

திருமண உதவி படிப்போடு பிணைக்கப்பட்டது என்பது முக்கியம். 2011இல் அது விரிவாக்கப்பட்டபோது பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கம். 2016இல் தங்கம் 8 கிராமாயிற்று. இதனால் பல பெண்கள் பள்ளியில் கூடுதலாகச் சில வருஷங்கள் நின்றார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தத் திட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தால் அது சொல்லும் பொருள் என்ன? பட்டத்தின் விலை திருமண நாளன்று கணக்கிடப்படுகிறது. எந்தப் பாடத்தில் பட்டம் என்று திட்டம் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீடும் கேட்கவில்லை. எந்தப் பாடமானாலும் ஒன்றுதான் என்றால் எது மலிவோ, எது கிட்டத்தில் கிடைக்குமோ அதுதான் நடக்கும். பெண்களின் பாடத் தேர்வு பற்றிப் பேசும்போது இந்த அரசு ஆவணத்தையும் ஓர் இலக்கியக் கோட்பாட்டு நூல் போல நாம் படிக்க வேண்டும். தேவதாசி முறைக்கு எதிராகத் தெருவில் நின்றவர், 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' எழுதியவர் இராமாமிர்தம். அவர் பெயரில் தாலித் தங்கம் கொடுத்த முரணை நம் விமர்சகர்கள் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

2022இல் அதே பெயரில் திட்டத்தின் திசை மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி, நான் மேலே சொன்ன பாரதி மகளிர் கல்லூரியில்தான், புதுமைப்பெண் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே. ஆயிரம் ரூபாயில் புரட்சி வந்துவிடாது. ஆனால் கல்யாணத்தன்று அப்பா கைக்குப் போய்ச் சேரும் ஐம்பதாயிரமும், படிக்கிற காலத்தில் அவள் கைக்கே வரும் ஆயிரமும் வேறுவேறு இலக்கணம் கொண்டவை. முன்னதில் அவள் செயப்படுபொருள், பின்னதில் எழுவாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப்புதல்வன் என்று அதேபோல் ஒன்று வந்தது. பெயர்களைப் பாருங்கள்: ஆண் புதல்வனாகத் தமிழுக்கு வாரிசாகிறான், பெண் புதுமையாகிறாள். தாயும் மகனும் என்ற பழைய கதையாடல் சாகவில்லை.

6

இனி வகுப்பறைக்குள். முப்பத்தொரு பெண்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் நடத்தப்படுவது எது? தொல்காப்பியம் தலைவன் தலைவியைப் பிரியும் காரணங்களை அடுக்கும்போது ஓதலை, அதாவது கல்வியை, முதலில் வைக்கிறது. கல்வியின் பொருட்டு ஆண் பிரிகிறான். பெண் இருக்கிறாள், ஆற்றியிருத்தல் முல்லைக்கு உரிப்பொருள். ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியவை என்று சூத்திரம் மேலும் ஒரு வேலி போடுகிறது. கடல் கடந்து போகும் பிரிவில் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கமும் இல்லை. கற்பியலில் வருகிற கால வரையறைதான் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும்: கல்விக்காகப் பிரிந்தவன் மூன்று ஆண்டுக்கு மேல் தங்கக்கூடாது. பி.ஏ.வும் மூன்று ஆண்டுதான்.

ஆக, 'உயர்ந்தோர்' அல்லாத வீடுகளிலிருந்து, கல்வியின் பொருட்டு, தினம் காலையில் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயிலேறிப் பிரிந்து போகிற ஒரு பெண்ணுக்கு, கல்வியின் பொருட்டுப் பிரிவது உயர்ந்த ஆணுக்கு உரியது என்று சொல்லும் இலக்கணம் பாடமாக நடத்தப்படுகிறது. அவளும் எழுதிக்கொள்கிறாள். ஐந்து மதிப்பெண் வினா. அவளுடைய சொந்த உடலே அந்தச் சூத்திரத்துக்கு எதிர்வாதமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை வகுப்பறை கவனிப்பதில்லை. நன்னூல் பாயிரம் மாணாக்கர் யார் யார் என்று பட்டியல் போடுவதும் இப்படித்தான்: தன் மகன், ஆசிரியனின் மகன், மன்னன் மகன் என்று தொடங்குவது அது. மகள் பட்டியலில் இல்லை. ஆனால் நன்னூல் இன்று உயிரோடிருப்பது அந்தப் பட்டியலில் இல்லாத மகள்களின் நோட்டுப் புத்தகத்தில்.

சங்கப் புலவர்களில் ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் முதலானோரைப் 'பெண்பாற் புலவர்கள்' என்று தனி அலகாக வைக்கிறோம். கபிலரையும் பரணரையும் 'ஆண்பாற் புலவர்கள்' என்று யாரும் தலைப்பிடுவதில்லை. ஆய்வுத் தலைப்புகளிலும் இதே வினைதான் நடக்கிறது. பெண் ஆய்வாளர் வந்தால் 'இன்னாரின் நாவல்களில் பெண் பாத்திரங்கள்'. யாப்பு, உரைமரபு, கல்வெட்டு, சுவடிப் பதிப்பு போன்றவற்றை எடுத்துக்கொள்ள விரும்பினால் 'அதுக்கெல்லாம் ஊர் ஊரா அலையணும்மா' என்று அன்போடு தடுக்கிறார்கள். எனக்கும் இந்த அன்பு கிடைத்தது. பெண்ணியம் என்ற கருத்தாக்கம் தமிழ்த்துறைக்குள் நுழைந்து, ஆய்வேடுகளுக்குத் தலைப்பு வழங்கும் ஒரு மகளிர் பெட்டியாக மாறிய விதம் தனியே எழுதப்பட வேண்டியது.

7

கடைசியாக நம் பக்கம் வருகிறேன். தமிழில் பெண் எழுத்து உடைத்துக்கொண்டு வந்த இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் அவை தமிழ்த்துறைகள் அல்ல. அம்பை வரலாற்றுத் துறையிலிருந்து வந்தார். குட்டி ரேவதி சித்த மருத்துவம் படித்தவர். சல்மா பள்ளிப் படிப்பே மறுக்கப்பட்டவர். சுகிர்தராணி பள்ளித் தமிழாசிரியர். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து மகாஸ்வேதா தேவி, பாமா ஆகியோருடன் அவரையும் நீக்கியபோதுதான் பல தமிழ்த்துறைகளுக்கு அவர் பெயரே எட்டியது என்று நினைக்கிறேன். இத்தனை ஆயிரம் பெண்கள் தமிழையே பாடமாகப் படித்தும், தமிழை மாற்றி எழுதியவர்கள் அதிகமும் வெளியிலிருந்து வந்தார்கள் என்றால், துறை அந்தப் பெண்களுக்கு மொழியைக் கொடுத்ததா, மொழிக்குக் காவல் நிற்கும் வேலையைக் கொடுத்ததா?

சிறுபத்திரிகைக்காரர்களான நாமும் தப்பிக்க முடியாது. துறைசார் தமிழைப் 'பண்டிதத் தமிழ்' என்று நக்கலடித்தே வளர்ந்தவர்கள் நாம். பண்டிதர் ஆணாக இருந்தவரை அதில் ஒரு நியாயம் இருந்தது. அது அதிகாரத்தை நோக்கிய நக்கல். இன்று அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருப்பது அரசுப் பள்ளியிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பெண். அவளை நோக்கி அதே நக்கலை வீசும்போது அது மேலிருந்து கீழே விழுகிறது. கட்டவிழ்ப்பு, பிரதியின் இன்பம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பிரதியை வருஷம் முழுக்க வரிவரியாக வாசிப்பதையே படிப்பாகக் கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களை வாசகர்களாகக்கூட எண்ணியதில்லை. எந்தச் சிறுபத்திரிகையையும் எடுத்துப் பொருளடக்கத்தில் ஆண் பெயர், பெண் பெயர் எண்ணிப் பாருங்கள். அடுத்தபடியாக அருகிலுள்ள கல்லூரியின் தமிழ் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு விகிதமும் தலைகீழாக இருக்கும்.

காற்று மாறுவதற்கான அறிகுறிகள் தெரிகின்றன. 2021 டிசம்பரில் அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்மொழித் தாள் கட்டாயமாக்கப்பட்டது. தமிழுக்கு மறுபடியும் ஒரு பரிமாற்ற மதிப்பு வந்துகொண்டிருக்கிறது. மதிப்பு வந்தால் ஆண்கள் திரும்பி வருவார்கள். வரட்டும், பெஞ்சு எல்லோருக்கும் பொது. ஆனால் யாரும் சீந்தாத காலத்தில் அந்தப் பாடத்தைச் சுமந்து நின்றவர்கள் அப்போது எங்கே இருப்பார்கள் என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவில் எத்தனை பேர், பதிப்புப் பணியில் எத்தனை பேர், நேர்காணல் மேசையின் அந்தப் பக்கத்தில் எத்தனை பேர். சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் எண்ணிக் கைதட்டினால், பழைய கதை புதுப் பெயர்களோடு இன்னொரு முறை நடக்கும். கேம்பிரிட்ஜில் அது எப்படி நடந்தது என்று நமக்குத் தெரியும்.